துவக்குத் துடைக்கிற பிள்ளை

சிவமயம்

இல்ஃபோர்ட்,
4-6-2024

அன்புத் தங்கைச்சி இராசமலருக்கு,

அக்கா தவமணி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? பரியாரி தந்த எண்ணெயைப் பூசுகிறாயா, அல்லது போத்தலோடு மூலையில் வைத்துவிட்டாயா? செல்குண்டு வெடித்து உனக்குக் காது போன பிறகு போனில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். நமக்குக் கடிதமே மேல்.

நல்ல செய்தி. நிருஜனுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் மகள் சுசிலாவின் மூத்தவன், பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு வருடமாக அறைக்குள்ளேயே கிடந்தானே, அவனேதான். கோயிலில் யாராவது "பேரன் என்ன செய்யிறார்?" என்று கேட்டால், செருப்புத் தேடுவது போலக் குனிந்து கொள்வேன். இனிமேல் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம். வால்தம்ஸ்டோவில் ஒரு வெள்ளைக்காரர் பட்டறை வைத்திருக்கிறார். ஆட்கள் சேர்த்து வைத்திருக்கிற பழைய, பெறுமதியான சாமான்களைத் துடைத்துப் பேணிக் கொடுக்கிற பட்டறை. ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவாராம்.

லேசான வேலை என்று நினைக்காதே. கையுறை போடாமல் தொடக்கூடாதாம். கை வியர்வையின் உப்புப் பட்டால் இரும்பில் விரல் அடையாளமாகவே துருப்பிடிக்குமாம். தேங்காயெண்ணெய் பூசடா என்று சொன்னேன். "அம்மம்மா, அது காய்ஞ்சு பிசின் மாதிரி ஒட்டும்" என்று சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவு காலம். பித்தளைக் கம்பித் தூரிகையும் தண்ணீர் போல ஓர் எண்ணெயும் வைத்திருக்கிறான். பழைய பருத்தித் துணி கேட்டான். உன் அத்தானின் வேட்டி இரண்டைத் தீப்பெட்டி அளவில் வெட்டிக் கொடுத்தேன். கம்பி நுனியில் கோத்து உள்ளே விட்டு இழுப்பானாம்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற தவமணியின் பேரனிடம் லண்டன்காரன் தன் சாமானை நம்பிக் கொடுக்கிறான். இதை அங்கே நாலு பேருக்குச் சொல்லு.

உன்னை நினைத்தபடி,
அக்கா தவமணி


கிளிநொச்சி,
29-6-2024

என்றும் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் இருந்தால் வலிக்கவில்லை, எழும்பினால் வலிக்கிறது. உன் இரத்த அழுத்தக் குளிசையை நேரத்துக்குப் போடு. சுசிலாவும் மருமகனும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும்.

நிருஜனுக்கு வேலை என்று வாசித்தவுடன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை வாசித்தேன். தீப்பெட்டி அளவுத் துணி. தண்ணீர் போல எண்ணெய். பித்தளைத் தூரிகை. கம்பியில் கோத்து உள்ளே விட்டு இழுப்பது. அக்கா, கதிரையிலும் மணிக்கூட்டிலும் உள்ளே விட்டு இழுக்க என்ன இருக்கிறது?

நீ எழுதாமல் விட்ட சொல்லை நானும் எழுதவில்லை. இங்கே கடிதத்தில் எழுதக்கூடிய சொல் இல்லை அது. அந்தச் சாமான்தானா? ஓம் என்றால் ஓம் என்று எழுது.

உடம்பைக் கவனி.
தங்கைச்சி இராசமலர்


சிவமயம்

இல்ஃபோர்ட்,
21-7-2024

அன்புத் தங்கைச்சிக்கு,

நாங்கள் சுகம். இங்கே ஒரு கிழமையாக வெயில். இவர்கள் அதைப் பெரிய விசயம் போலப் புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள். உன் சுகத்தை எழுது.

ஓம். துவக்குத்தான்.

முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டது உன்னை ஏமாற்ற இல்லை. வீண் யோசனை உனக்கு எதற்கு என்று விட்டேன். இப்போது முழுக்கச் சொல்கிறேன். இவை ஒருதரும் சுடமுடியாத துவக்குகள். விசையை அழுத்தினால் தானே படபடவென்று சுட்டுக்கொண்டு போகிற வகைதான். உலகச் சண்டையில் பாவித்தவையாம். ஆனால் குழலின் அடிப்பக்கத்தில் இரும்பை வைத்து அடைத்து, உள்ளே இருக்கிறதை வெட்டி, இனிச் சுடாது என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். முத்திரை சேர்ப்பது போலச் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற பெரிய மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். டொக்டர்மாரும் இருக்கிறார்கள். நிருஜன் துருவை எடுத்து, பழைய எண்ணெயைத் துடைத்து, மெழுகு பூசிக் கொடுக்கிறான். அவ்வளவுதான்.

யசோதினியை நினைத்துக் கேட்கிறாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உன் மகள் இயக்கத்துக்குப் போனதும், கடைசிச் சண்டையோடு ஒரு தகவலும் இல்லாமல் போனதும் எனக்கும் ஆறாத புண். ஆனால் அது வேறு, இது வேறு.

ஒன்று மட்டும் சொல்லு. என் வீட்டில் கூடவே இருக்கிற சுசிலா துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கடல் கடந்து இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா தவமணி


கிளிநொச்சி,
17-8-2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். அதை விடு.

அவனை அந்த வேலையில் இருந்து எடு. சுட்டால் என்ன, சுடாவிட்டால் என்ன. கூரை போனபோது உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. முகாமில் இருந்தபோதும் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

இராசமலர்


சிவமயம்

இல்ஃபோர்ட்,
12-9-2024

தங்கைச்சிக்கு,

நீ சுகம் விசாரிக்காமல் எழுதினாலும் நான் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி?

உன் கடிதத்தைப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். படுத்தால் நித்திரை இல்லை, இருந்தால் கை ஓடவில்லை. நீ கேட்டு நான் இல்லையென்று சொன்னது கிடையாது. இப்போது சொல்கிறேன். மாட்டேன்.

இந்தப் பிள்ளை கிடந்த கிடையை நீ காணவில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, எடுத்தானா என்று ஒளித்து நின்று பார்த்தவள் நான். சுசிலா வேலைக்குப் போய்விடுவாள். நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்து மூச்சுக் கேட்கிறதா என்று நிற்பேன். இன்றைக்கு அவன் விடிய எழும்பித் தானே தேத்தண்ணீர் போடுகிறான். பின்னேரம் துடைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, குசினியில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டபடி, இந்தத் திருகாணி இப்படி, அந்தக் கட்டை அப்படி என்று கதை சொல்கிறான். எனக்கு அரைவாசி விளங்காது. இருந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன். அதை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வேன்?

நீ வெறுக்கிற தொழிலை நான் ஆசீர்வதிக்கப் போகிறேன். நவராத்திரி வருகிறது. ஆயுத பூசைக்கு மருமகன் தன் வயறிங் பெட்டியை வைப்பார், சுசிலா கணினியை வைப்பாள். அவர்களோடு நிருஜனின் தொழிலும் சரஸ்வதிக்கு முன்னால் இருக்கும். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் அசைக்க முடியாது.

பதில் போடு. கோபம் என்றால் கோபத்தோடு போடு.

அக்கா


சிவமயம்

இல்ஃபோர்ட்,
20-10-2024

அன்புத் தங்கைச்சிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சுகமில்லை. உடம்புக்கு அல்ல.

ஆயுத பூசை அன்று பின்னேரம் நிருஜன் ஒரு நீளப் பையோடு வந்தான். சட்டனில் இருக்கிற ஒரு டொக்டரின் துவக்கு. குருமூர்த்தி என்று பெயர், இந்தியாக்காரர், தமிழர். திங்கட்கிழமை எடுக்க வருவாராம். அதற்கு முன் வேலையைத் திறமாக முடித்துக் காட்டவேண்டும் என்று, முதலாளியிடம் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். பழைய எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்தாகிவிட்டது, மெழுகு பூசுவதுதான் மிச்சம் என்றான். பூசைக்கு என்ன வைக்கிறாய் என்று கேட்டேன். தூரிகை இரண்டைத் தந்துவிட்டுத் தன் சிநேகிதன் அனுசன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மருமகனின் பெட்டி எவ்வளவு பெரிது. பக்கத்தில் என் பேரனுக்குப் பல் தீட்டுகிற அளவில் இரண்டு தூரிகை. எனக்குப் பொறுக்கவில்லை. உன் கடிதமும் நெஞ்சுக்குள் நின்றது. பையைத் திறந்து துவக்கை எடுத்தேன். என்ன பாரம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத் துணி விரித்து வைத்தேன். சந்தனம் பூசவில்லை, கறைபடும் என்று அவ்வளவுக்கு எனக்கும் தெரியும். ஆனால் கண்ணூறு கழிய வேண்டுமே. ஒரு தேசிக்காயை வெட்டி, குங்குமம் தடவி, இரண்டு பாதியையும் அந்த இரும்பின் மேல் கவிழ்த்து வைத்தேன். பூசையில் வைத்ததை விசயதசமி விடியும்வரை தொடக்கூடாதல்லவா? தொடவில்லை. நிருஜன் இரவு பிந்தி வந்து நேரே படுத்துவிட்டான்.

காலையில் தீபம் காட்டிவிட்டுத் தேசிக்காயை எடுத்தேன். கறுப்பு இரும்பில் இரண்டு வெள்ளை வட்டம். துணியால் தேய்த்தேன், வெள்ளை இன்னும் வெள்ளையானது. அப்போதுதான் அவன் படியால் இறங்கி வந்தான்.

"உதை ஆர் உதில வைச்சது?"

"நான்தானடா வைச்சனான். உன்ரை தொழிலுக்கு."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்தக் கறுப்பு வர்ணம் இல்லையாம், இரும்போடு சேர்ந்த மெருகாம். எண்பது வருடமாக இருந்ததைப் புளி ஓர் இரவில் தின்றுவிட்டது. திரும்ப வராது என்று மட்டும் சொன்னான். திங்கட்கிழமை முதலாளியிடமும் டொக்டரிடமும் ஒளிக்காமல் காட்டியிருக்கிறான். யார் செய்தது என்று சொல்லவில்லை. முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

ஒரு கிழமையாக அவன் குசினிக்கு வரவில்லை. வேலைக்குப் போகிறான், வந்து மேலே போய்விடுகிறான். அந்த வேலை போனால் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கேட்டது நடக்கப் போகிறது போலிருக்கிறது. சந்தோசமாக இரு.

தவமணி


சிவமயம்

இல்ஃபோர்ட்,
9-11-2024

அன்புத் தங்கைச்சிக்கு,

போன கடிதத்தின் கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. தபாலில் போட்டுவிட்டு வரும் வழியிலேயே நினைத்தேன். நீ நலமா? குளிர்காலம் தொடங்கிவிட்டது, என் கைவிரல் மடங்குதில்லை.

நான் வால்தம்ஸ்டோவுக்குப் போய்வந்தேன். நான் செய்த பிழைக்கு அவன் ஏன் தலை குனிந்து நிற்க வேண்டும்? டொக்டர் மறுபடி வருகிற நாளைச் சுசிலாவிடம் கேட்டறிந்து, பெட்டிக்குள் இருந்த காஞ்சிபுரத்தை உடுத்து, அதற்கு மேல் குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் கந்தலோடு போனால் காசு கேட்க வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள்.

ரயில் பாலத்துக்குக் கீழே வளைவுக்குள் இருக்கிறது பட்டறை. நிருஜன் என்னைக் கண்டு கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றான். முதலாளி கிழவர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கதிரை தந்தார். டொக்டர் என் வயதுக்கு மகன் போல இருந்தார். நான்தான் செய்தேன், பிள்ளைக்குத் தெரியாது என்று எழும்பி நின்று சொன்னேன்.

டொக்டர் வெள்ளை வட்டத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "பாட்டி, நான் கோபப்படலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதுக்கு எலுமிச்சம்பழம்?"

"கண்ணூறு படாமல் இருக்க."

"நாங்களும்தான் வெக்கிறோம். கார் டயருக்கு அடியில வெப்போம். பானெட் மேல வெச்சுட்டுத் தூங்கப் போகமாட்டோம்."

"இதுக்குச் சில்லு இல்லையே, தம்பி. எங்கை வைக்கிறது?"

அந்த மனிதர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்து முகம் திரும்ப இறுகிவிட்டது. இதைத் தேடி எட்டு வருடம் அலைந்தேன் பாட்டி, என்றார். பிறகு முதலாளியிடம் இங்கிலீசில் பேசினார், எனக்கு அரைகுறையாக விளங்கியது. அந்த இடத்துக்கு மட்டும் கறுப்பு ஏற்றித் தா, ஒருவருக்கும் தெரியாது என்று கேட்டாராம். முதலாளி நிருஜனைப் பார்த்தார். நிருஜன் ஏலாது என்றான். ஏற்றினால் பழையது போலத் தெரியும், ஆனால் பழையது இல்லை. நாளைக்கு இதை வாங்குகிறவனை ஏமாற்றுகிற வேலை. நடந்ததை எழுதி அதோடு வைப்பதுதான் சரி என்றானாம். நான் அவன் காலை மிதித்தேன். ஓம் என்று சொல்லடா, வேலை தப்பும் என்று மெல்லச் சொன்னேன். அவன் காலை எடுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை.

டொக்டர் துவக்கைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் மட்டும் வாறேன் பாட்டி என்று சொன்னார்.

முதலாளி சொன்னதை நிருஜன் பஸ்ஸில் வைத்துச் சொன்னான். கறுப்பு ஏற்றாதது சரியாம். தேசிக்காயும் அவருக்குப் பெரிதில்லையாம். கேட்காமல் வீட்டுக்குக் கொண்டு போனதைத்தான் விழுங்க முடியவில்லையாம். ஆறு மாதம் முடிகிற அன்று முடிவு சொல்வாராம்.

தேதி குறித்துவிட்டு இருக்கச் சொன்னால் எப்படி இருப்பது? நான் படி ஏறுகிறேன், இறங்குகிறேன். கறிக்கு உப்பை இரண்டு தரம் போடுகிறேன்.

ஒரு வரி எழுது.

அக்கா


கிளிநொச்சி,
26-10-2024

என்றும் அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகமும் பிள்ளைகளின் சுகமும் நாளும் நினைக்கிறேன். நீ செப்டம்பரில் எழுதியது கிடைத்து மூன்று கிழமை. ஒவ்வொரு நாளும் பேனை எடுத்து வைத்தேன். பூசை முடிந்திருக்கும். வைத்திருப்பாய். நீ சொன்னதைச் செய்யாமல் விடுகிறவளா.

எப்படித் தெரியும் என்று கேட்டாய்.

யசோதினி விடுப்பில் வந்தால் பின்வாசலில் சாக்கை விரித்துப் போட்டு, அதைக் கழற்றித் துடைப்பாள். என் பழைய சேலையை நான் வெட்டிக் கொடுப்பேன். "அம்மா, இது பெரிசு, உள்ளுக்கை போகாது, சின்னனா வெட்டுங்கோ" என்பாள். அந்த நேரம் மட்டும்தான் என் பக்கத்தில் ஓரிடத்தில் இருந்தாள். வாய் ஓயாமல் கதைப்பாள். யாருக்குச் சமைக்கத் தெரியாது, யார் நித்திரையில் பாடுகிறாள், எல்லாம் சொல்வாள். துடைத்து முடிந்தால் கழற்றியதைத் திரும்பப் பூட்டுவாள். பூட்டினால் எழும்புவாள். எழும்பினால் போய்விடுவாள். அதற்காக நான் துணியை மெதுவாக வெட்டுவேன். கத்தரிக்கோல் மொட்டை என்பேன். கடைசியாக வந்த அன்று துணி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். தன் சட்டைக் கையைக் கிழித்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

உன் கடிதத்தில் வேட்டித் துண்டு என்று கண்டதும் எனக்குக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. காது கேளாத எனக்கு. அதனால்தான் அப்படி எழுதினேன்.

ஆனால் நீ இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பின்னேரம் துடைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறான் என்று. துடைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளையை நான் கண்டதில்லை, அக்கா. அவன் செய்யட்டும். அவனுடைய வேலை நிலைக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் இராசமலர்


சிவமயம்

இல்ஃபோர்ட்,
3-12-2024

என் தங்கைச்சி இராசமலருக்கு,

நீ ஒக்டோபரில் எழுதிய கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அதுவும் நான் எழுதிய இரண்டும் ஒன்றையொன்று காணாமல் நடுவழியில் கடந்து போயிருக்கின்றன. அவை கிடைத்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ சிரிப்பாய். இருந்தும் எழுதுகிறேன். முழங்காலுக்குச் சூடு காட்டு.

நிருஜனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நேற்று அவன் அறை வாசலில் நின்றே உன் கடிதத்தை வாசித்தேன். சட்டைக் கை என்ற வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். அவன் எழும்பி வந்து, மிச்சத்தை மெதுவா வாசியுங்கோ என்றான். முடிய, யசோதினி அன்ரிக்கு அப்ப என்ன வயசு என்று கேட்டான். சொன்னேன். தன்னுடைய வயது என்றான்.

இன்றைக்குத்தான் அந்த நாள். காலையில் போனான். இது பின்னேரம், இருட்டிவிட்டது. வழக்கமாக வருகிற நேரம் கடந்துவிட்டது. சுசிலா போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. எனக்கு அந்த வேலையைப் பற்றி இப்போது ஒரு யோசனையும் வரவில்லை, இராசு. கோயிலில் என்ன சொல்வேன் என்றும் நினைக்கவில்லை. யன்னலுக்கும் மேசைக்கும் நடக்கிறேன், ஒரு வரி எழுதுகிறேன், திரும்ப நடக்கிறேன். நீ இப்படி எத்தனை பின்னேரம் நடந்திருப்பாய். நான் இங்கே இருந்துகொண்டு, அது வேறு இது வேறு என்று உனக்கு எழுதினேன்.

பஸ் ஒன்று வந்து போகிறது. அவன் இல்லை.

இன்னும் இல்லை.

வந்துவிட்டான். மழையில் நனைந்து வந்து வாசலில் நிற்கிறான். வேலை இல்லையாம், அம்மம்மா, மத்தியானமே சொல்லிவிட்டார் என்றான். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் எங்கேயடா இருந்தாய் என்று கத்திவிட்டேன்.

"ஒண்டு பாதியில கிடந்தது. துடைச்சு முடிச்சு, மெழுகு பூசி வைச்சிட்டு வந்தனான்."

சோறு போடப் போகிறேன். பசிக்குது என்கிறான்.

அக்கா